தொட்டுப் பேணும் தொழிலும் தமிழர் நாணமும்

பினாங்கில் ஐந்தாம் படிவத்தை முடித்த தமிழ் மாணவி ஒருத்தி மருத்துவம் பயிலப் போவதாகச் சொன்னால் வீடு மகிழ்கிறது, உறவினர் வாழ்த்துகின்றனர், ஆலயத்தில் அருச்சனை நடைபெறுகிறது. தாதியாகப் போவதாகச் சொன்னாலும் ஓரளவு மகிழ்ச்சி எஞ்சுகிறது. ஆனால், வலியால் வருந்துவோரின் உடலை விரலால் அழுத்தி நலம் தரும் சியாட்சு என்னும் கலையைக் கற்று, அதனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளப் போவதாக அவள் சொன்னால் என்ன நிகழும்? தந்தை தலையைக் குனிந்துகொள்வார். தாய், அண்டை வீட்டார் செவியில் விழுந்துவிடுமோ என்று கதவைச் சாத்துவார். ஆசிரியரிடம் சென்றால் அவரும், “இவ்வளவு மதிப்பெண் பெற்றுவிட்டு இதற்கா போவது?” என்றே கேட்பார்.

இந்த நாணம் நியாயமானதுதானா என்பது தமிழாசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. ஏனெனில், இதே வீட்டில்தான் பாட்டியின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கக் கைராசிக்காரியைத் தேடி அலைந்தார்கள். கால் பிசகியபோது சுளுக்கு எடுப்பவரை அழைத்துவந்தார்கள். பிள்ளை பெற்ற மகளுக்கு வயிறு கட்டிவிட மலாய்க்கார ‘பீடா’னை வரவழைத்தார்கள். ஜார்ஜ்டவுனில் சீனர் நடத்தும் பாத அழுத்த நிலையங்களில் பணம் கொடுத்துப் படுத்துக் களைப்பாறுவோருள் தமிழரும் உளர். பிறர் கையால் பெற்றுக்கொள்ளத் தகுந்த நலம், தம் பிள்ளையின் கையால் வழங்கத் தகாததாக மாறுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கூறாமல், “நல்ல தொழிலைத் தேடிக்கொள்” என்று மாணவர்க்கு அறிவுரை கூறுவது பொருளற்றது.

சியாட்சு என்பது ஜப்பானியச் சொல். ‘ஷி’ என்றால் விரல். ‘அட்சு’ என்றால் அழுத்தம். சிகிச்சை பெறுவோர் ஆடை அணிந்தபடியே தரையில் விரித்த மெத்தையில் படுத்திருப்பார். எண்ணெய் பூசுவதில்லை. கட்டைவிரலாலும் பிற விரல்களாலும் உள்ளங்கையாலும் உடலின் குறிப்பிட்ட இடங்களை ஒரு சில நொடிகள் சீராக அழுத்திப் பின் விடுவிப்பதே முறை. தசையின் முரட்டு வலிமையைக் காட்டிலும், தம் உடலின் எடையை அளவறிந்து சாய்த்து அழுத்துவதே இதில் திறமை எனப்படும். எங்கே அழுத்துவது என்பதைக் கற்க ஒருவருக்குச் சில மாதங்கள் போதும். எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கற்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

இக்கலையை உலகறியச் செய்தவர் தொகுஜிரோ நமிகோஷி. 1905இல் பிறந்து 2000இல் மறைந்தவர். அவர் சிறுவனாய் இருந்தபோது குடும்பம் ஜப்பானின் வடகோடியிலுள்ள குளிர்மிகுந்த ஹொக்கைடோ தீவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தாய் கடும் மூட்டுவலியால் துன்புற்றார். அருகில் மருத்துவர் இல்லை. ஏழு வயதுச் சிறுவன் தாயின் உடலைத் தடவியும் அழுத்தியும் பார்த்தான், எவ்விடத்தில் உடல் விறைத்தும் குளிர்ந்தும் இருந்தது என்பதைத் தன் விரல்களால் அறிந்தான், அங்கெல்லாம் அழுத்தினான், தாய் நலமடைந்தார். இது நமிகோஷி தம் வாழ்வைப் பற்றித் தாமே கூறிவந்த வரலாறு. இதனை மருத்துவச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஒரு மனிதர் தமக்குரிய தொழிலைக் கண்டடைந்த கதை என்ற அளவில் இதற்கு மதிப்பு உண்டு.

இக்கதையைக் கேட்போர் பெரும்பாலும் சிறுவனின் விரலோடு நின்றுவிடுகின்றனர். அதன்பின் நடந்ததை அவர்கள் நோக்குவதில்லை. ஹொக்கைடோவில் அவர் தம் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியது 1925இல். தோக்கியோவில் சியாட்சுக்கெனப் பயிற்சி நிலையம் நிறுவியது 1940இல். தாயின் படுக்கைக்கும் பள்ளியின் வாயிலுக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் உள்ளன. உள்ளம் ஒரு தொழிலின்பால் ஈர்க்கப்படுவது ஒரு நாளில் நிகழலாம். அத்தொழிலுக்கு ஒருவர் தகுதி பெறுவது ஒரு நாளில் நிகழ்வதன்று. வார இறுதி இரண்டு நாள்களில் சான்றிதழ் வழங்கி, “உன் பிறவிப் பயனைக் கண்டடைந்துவிட்டாய்” என்று கூறிப் பணம் பறிப்போர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் நமிகோஷியின் பெயரைச் சொல்லலாம். அவர் நடந்த வழியில் அவர்கள் நடக்கவில்லை.

சியாட்சுக்கு மதிப்பு வந்தது தனியொருவரின் விரலால் மட்டுமன்று. அதற்கு முன்பே ஜப்பானில் ‘அன்மா’ என்னும் பழைய பிடித்துவிடும் கலை வேரூன்றியிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர், ஊசியைக் குழாயின் வழியே செலுத்தும் முறையைப் பரப்பியதோடு, பார்வையற்றோர்க்கு அக்குபஞ்சரும் அன்மாவும் கற்பிக்கும் பள்ளிகளையும் ஏற்படுத்தினார். கண் இழந்தவர் கையேந்தி நின்ற நிலை மாறி, கையால் பொருளீட்டி வாழும் வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் இத்தொழில்களை முறைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சியாட்சு என்னும் பெயர் அச்சட்டத்தில் இடம்பெற்றது. 1964இல் அதற்குத் தனித்த ஏற்பும் கிட்டியது. இன்று ஜப்பானில் இத்தொழிலுக்கு உரிமம் பெற விரும்புவோர் குறைந்தது மூன்றாண்டுகள் பயின்று அரசுத் தேர்வில் தேற வேண்டும். உடற்கூறும் உடலியங்கியலும் நோயியலும் அவர்களின் பாடங்கள். பள்ளியும் பாடத்திட்டமும் தேர்வும் உரிமமும் சேர்ந்தே அந்நாட்டில் கையின் தொழிலைத் தலைநிமிரச் செய்தன.

இனித் தமிழரின் நிலையை நோக்குக. சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளுள் ஒன்றாகத் தொக்கணத்தைக் கூறுகிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். இவ்வொன்பதனுள் ஒன்றாகிய ‘அழுத்த’லையே ஜப்பானியர் தனிக்கலையாக வளர்த்து உலகுக்கு அளித்தனர் என்று கூறத்தக்க அளவுக்குச் செயலில் ஒற்றுமை உண்டு. வர்ம நூல்களோ, படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என 108 இடங்களை எண்ணிச் சொல்கின்றன. கன்னியாகுமரிப் பகுதியில் ஆசான்மார் வழிவழியாக இக்கலையைக் காத்துவந்தனர். இத்துணைச் செல்வம் உடைய இனத்தின் பிள்ளை, விரலால் அழுத்தும் தொழிலைக் கற்க வெட்கப்படுகிறது!

இவ்விழிவுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சாதி. தமிழகச் சிற்றூர்களில் காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தவரும், சுளுக்கு நீவியவரும் பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்தவரே. அக்குலத்துப் பெண்களே மருத்துவச்சிகளாய் நள்ளிரவிலும் சென்று பிள்ளைப்பேறு பார்த்தனர். அச்சமூகத்தார் இன்றளவும் ‘மருத்துவர்’ என்னும் பெயரைத் தாங்கியிருப்பது இதற்குச் சான்று. ஊரார் அவர்களின் கையால் உயிர் பிழைத்தனர். அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிற்கவைத்தனர். உடலைத் தொடும் தொழில் தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் அங்கே முளைத்தது. கப்பலேறி வந்த தமிழர் மண்ணையும் உறவையும் பிரிந்து வந்தனர். இந்த எண்ணத்தை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தனர். தோட்டப்புறத்து லயங்களில் பிள்ளைப்பேறு பார்த்த கிழவிக்குக் கிடைத்தது ஒரு சேலையும் வெற்றிலை பாக்கும். அவளின் அறிவை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது, மறைப்பு. வர்ம ஆசான் தம் வித்தையை நம்பிக்கைக்குரிய மாணாக்கர் ஒருவர் இருவர்க்கே சொன்னார். தீயோர் கையில் சேர்ந்தால் தீங்கு விளையும் என்பது அவர் கூறிய காரணம். அக்காரணத்தில் உண்மை உண்டு. ஆயினும், மாணாக்கர் அமையாதபோது ஆசானோடு வித்தையும் எரிந்தது. அண்மைக் காலத்தில் இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005இல் சென்னைத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. வர்மமும் தொக்கணமும் இன்று பட்டப் படிப்பில் இடம்பெறுகின்றன. இச்செய்தி பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் எத்தனை மாணவர்க்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

இவ்விடத்தில் ஒரு கூட்டத்தார் எழுந்து, “சியாட்சு தமிழரின் வர்மத்திலிருந்து பிறந்ததே, போதிதருமர் கொண்டுசென்றதே, ஆதலால் அந்நியரிடம் கற்க என்ன இருக்கிறது?” என்று முழங்குவர். இதற்கு வரலாற்றுச் சான்று காட்டுவார் எவரும் இலர். சியாட்சுக்கு மூலமான அன்மா, சீன மருத்துவத்தோடு ஜப்பானை அடைந்தது என்பதே அறிஞர் ஏற்கும் செய்தி. மேலைநாட்டுத் தசைநீவல் முறையும் உடற்கூற்று அறிவும் 20ஆம் நூற்றாண்டில் அதனோடு கலந்தன. மனித உடல் எங்கும் ஒன்றே. வலிக்கும் இடத்தில் கை வைப்பது எல்லா இனத்தார்க்கும் இயல்பு. ஆதலின் ஒற்றுமை தோன்றுவதில் வியப்பில்லை. ஒருவேளை தமிழரே முதலில் கண்டனர் என்று வைத்துக்கொண்டாலும் பெருமை என்ன? பாட்டன் உழுத நிலத்தைப் பற்றிப் பாடிக்கொண்டு பேரன் பட்டினி கிடப்பது பெருமையாகாது. பழம்பெருமை பேசும் அதே வாய், அத்தொழிலைக் கற்கப் புகும் மாணவியை ஏளனம் செய்வதுதான் வேடிக்கை.

பெருமை பேசாமல் செயலாற்றியோர் எடுத்துக்காட்டு பினாங்கிலேயே உண்டு. 1883இல் இந்நகர்ச் சீனர் ஒன்றுகூடி, ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருத்துவம் வழங்கும் நிலையத்தைத் தொடங்கினர். அதுவே வளர்ந்து இன்று லாம் வா ஈ மருத்துவமனையாய் விளங்குகிறது. நவீன மருத்துவத்தோடு சீன மருத்துவமும் அங்கே நிலைபெற்றுள்ளது. மலாய்க்காரரின் ‘உருட்’ கலையும் வீட்டளவில் நின்றுவிடவில்லை. 2007இல் சுகாதார அமைச்சு, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் நாட்டின் முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் திறந்தபோது, மலாய்ப் பாரம்பரியப் பிடித்துவிடுதலும் அக்குபஞ்சரும் அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தன. 1833ஆம் ஆண்டிலேயே குயின் வீதியில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிய தமிழர், தம் மருத்துவக் கலைக்கு அத்தகைய ஒரு நிலையான இல்லம் எழுப்பினரா? கோயில் எழுப்பியது குற்றமன்று. அம்மனிடம் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள், நோய் தீர்க்கும் கைகளைப் பேண மறந்ததே குற்றம்.

சட்டத்தின் நிலையையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 2016இல் மலேசியா பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தை இயற்றிற்று. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் என ஏழு துறைகள் அதன்கீழ் ஏற்பு பெற்றன. அவ்வேழு பெயர்களுள் சியாட்சு இல்லை. இந்தியப் பாரம்பரிய மருத்துவமோ உண்டு; சித்த மருத்துவம் அதனுள் அடங்கும். ஆதலால், சியாட்சு கற்க விரும்பும் மாணவர் தம் தகுதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை முன்னரே ஆராய வேண்டும். தொக்கணமும் வர்மமும் முறையாகக் கற்க விரும்புவோர்க்குச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். உணர்ச்சி மிகுதியால் காலெடுத்து வைத்துப் பின் வருந்துவதைத் தடுப்பது ஆசிரியரின் கடமை. தடுப்பது வேறு, பழிப்பது வேறு.

எதிர்ப்போர் கூறும் காரணங்களுள் மதிக்கத்தக்கனவும் உள. இத்துறையில் போலிகள் மலிந்துள்ளனர் என்பது உண்மை. விரலால் அழுத்தியே நீரிழிவைப் போக்குவோம், புற்றுநோயைக் கரைப்போம் என்று விளம்பரம் செய்வோர் மக்களைக் கொல்லாமல் கொல்வோர். சியாட்சு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2011ஆம் ஆண்டு ஆய்வுரை, அதன் பயனை உறுதியாக நிறுவப் போதிய சான்று இன்னும் இல்லை என்றே முடிவு கூறியது. மணிக்கட்டின் உட்புறத்துள்ள ஒரு புள்ளியைத் தூண்டுவது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலைக் குறைக்கிறது என்பதற்கு மட்டும் ஓரளவு நல்ல சான்று உண்டு. தசை இறுக்கம் தளர்வதும், மனம் அமைதியடைவதும், உறக்கம் வருவதும் பலர் உணர்ந்து கூறும் பயன்கள். அவை சிறியனவல்ல, ஆனால், அவற்றுக்கு மேல் ஒன்றும் வாக்களிக்கக் கூடாது.

தீங்கு நேரும் இடங்களும் உள. கெண்டைக்காலில் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். அதனை அழுத்தினால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிர்க்கே ஊறு விளைவிக்கக் கூடும். எலும்பு முறிந்தோர், எலும்பு நலிந்தோர், கடுங்காய்ச்சல் உற்றோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் ஆகியோரிடம் தனிக் கவனம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியரில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். இந்தியரிடையே அந்நோய் மிகுதி. நீரிழிவால் காலின் உணர்ச்சி மங்கியவர், அழுத்தம் மிகுந்தாலும் வலி என்று சொல்லமாட்டார். இவையெல்லாம் அறியாதவர் கை வைக்கலாகாது. எனவே, “படிப்பு வராதவர்க்கு இத்தொழில்” என்னும் பேச்சு முற்றிலும் பிழை. இது நன்கு படிக்கும் மாணவரைத் தேடும் தொழில். எதிர்ப்போர் காட்டும் போலிகள், நல்ல மாணவர் இத்துறைக்கு வாராமையால் விளைந்த களைகளே.

பெண்பிள்ளையின் பாதுகாப்பைக் குறித்துப் பெற்றோர் அஞ்சுவதும் இயல்பே. ‘மசாஜ்’ என்னும் சொல்லை வேறு தொழில்களுக்குத் திரையாகப் பயன்படுத்துவோர் நகரங்களில் உளர். சொல்லை அழுக்காக்கியவர் சிலர். அதற்காக உண்மையாகத் தொழில் செய்வோர் பழி சுமப்பது முறையா? திறந்த, நன்கு ஒளியுள்ள இடம், எழுத்துமூலமான ஒழுக்க விதிகள், பெண்ணுக்குப் பெண்ணே சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு, தகாதவரைத் திருப்பி அனுப்பும் உரிமை ஆகியவை இருப்பின் இத்தொழில் பிற தொழில்களினும் இழிந்ததன்று. கோலாலம்பூர்ப் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் பார்வையற்றோர் பலர் பிடித்துவிடும் தொழிலால் நெடுங்காலமாக மானத்தோடு வாழ்ந்துவருவதை யாவரும் அறிவர். கண்ணற்றவர் கண்டுகொண்ட மதிப்பைக் கண்ணுடையோர் காணாதிருப்பது இரங்கத்தக்கது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ தமிழ்ப்பள்ளி மாணவர்க்குப் புதியதன்று. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயாளியும் மருத்துவரும் மருந்தும் அவற்றுள் மூன்று. நான்காவது, நோயாளியின் அருகிருந்து பேணுபவர். பேணுபவரை மருத்துவருக்குரிய அதே வரிசையில் வைத்தெண்ணினார் வள்ளுவர். அக்குறளை மனனம் செய்வித்து மதிப்பெண் வழங்கும் ஆசிரியர், பேணும் தொழிலை நாடும் மாணவியைப் பார்த்து “இதற்கா போவது?” என்று கேட்பாராயின், அவர் குறளைக் கற்பித்தாரா, சொற்களை மட்டும் கற்பித்தாரா?

ஆசிரியர் செய்யத்தக்கன அரியனவல்ல. தொழில் வழிகாட்டும் நாளில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளரோடு உடலியக்கப் பயிற்றுநரையும், தொக்கணம் கற்ற சித்த மருத்துவரையும், முறையாகப் பயின்ற சியாட்சு கலைஞரையும் அழைக்கலாம். மாணவரைக் கொண்டு தத்தம் பாட்டிமார் அறிந்த கைம்மருத்துவச் சொற்களைத் தொகுக்கச் செய்யலாம். நீவுதல், உருவுதல், பிசைதல், வழித்தல், சுளுக்கெடுத்தல், குடலேற்றம் தட்டுதல் என்னும் சொற்கள் பேசுவோரோடு மறைந்துவருகின்றன. ஆர்வமுடைய மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: பிறர் உடலின் துன்பத்தை அருவருப்பின்றித் தாங்க உன்னால் இயலுமா? ஆண்டுக்கணக்கில் கற்க உனக்குப் பொறுமை உண்டா? உன்னால் தீர்க்க இயலாத நோயைக் கண்டால், பணத்தை விட்டு, மருத்துவமனைக்கு அனுப்பும் நேர்மை உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் மாணவர், தமக்குரிய தொழிலின் வாயிலை அடைந்துவிட்டார்.

தோட்டத்தில் பாலெடுத்த கையும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த கையும், சாலையில் கல் உடைத்த கையுமே மலேசியத் தமிழரை வாழவைத்தன. அக்கைகளின் வலியை இரவில் நீவிவிட்டுத் தணித்தவையும் கைகளே. அவற்றின் பேரப்பிள்ளைகள் கையால் செய்யும் தொழிலைக் கண்டு கூசுவது, தம் முன்னோரைக் கண்டு கூசுவதாகும். அந்த மாணவி தன் விருப்பத்தைச் சொன்ன நாளில் தாய் சாத்திய கதவைத் திறந்துவிட வேண்டியவர்கள் தமிழாசிரியர்களே. அவர்கள் திறவாவிடில், அவள் வெளியூர் சென்று, வேற்று மொழியில், வேற்றுப் பெயரில் அத்தொழிலைக் கற்பாள். பின்னொரு நாள் முதுகு வலியோடு அவள் வாயிலில் சென்று நிற்போர், அவளைப் பழித்த இதே மக்களாகவே இருப்பர்.